தோற்றது புரூக்ளின்... பரிசு பாஸ்டனுக்கு! என்பிஏ 'ட்ராஃப்ட் பிக்' மதிப்பு எப்படிக் கணக்காகிறது?

2016-17 சீசனில் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் கடைசி இடம் புரூக்ளின் நெட்ஸ் அணிக்கு. 82 ஆட்டங்களில் வென்றது வெறும் 20. அந்தத் தோல்விக்கு ஈடாக வந்த முதல் பிக் போனதோ, கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த பாஸ்டன் செல்டிக்ஸுக்கு! பதிலுக்கு புரூக்ளினுக்குக் கிடைத்தது 27வது பிக்.

அது என்ன 'பிக்'?

ஐபிஎல் மாதிரி இங்கே ஏலம் கிடையாது. ஆண்டுதோறும் புதிதாக வரும் இளம் வீரர்களை 30 அணிகளும் இரண்டு சுற்றுகளாக, வரிசைப்படி தேர்வு செய்யும். அந்த வரிசையில் ஓர் இடம்தான் பிக். பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்கு லாட்டரி குலுக்கல் உண்டு. மோசமாக ஆடிய அணிக்கு வாய்ப்பு அதிகம். பிக்கை, வீரரைக் கைமாற்றுவது போலவே இன்னொரு அணிக்குக் கொடுக்கலாம். அதுவும் ஏழு வருஷம் முன்கூட்டியே.

புரூக்ளின் செய்தது என்ன?

2013இல் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் ஆகியோரை பாஸ்டனிடம் இருந்து வாங்கியது. கார்னெட்டுக்கு அப்போது வயது 37, பியர்ஸுக்கு 35. விலை: 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகள், கூடவே 2017இல் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. கோப்பை வரவில்லை. மூத்த வீரர்கள் போன பிறகு அணி சரிந்தது. பொதுவாக, சரிந்த அணிக்கு ஒரே ஆறுதல் நல்ல பிக். புரூக்ளினுக்கு அதுவும் இல்லை. தோற்கத் தோற்க லாபம் பாஸ்டனுக்குத்தான்.

2016இல் 3வது பிக்கில் ஜெய்லன் பிரவுன். 2017இல் முதல் பிக்கை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து 3வது பிக்கையும், கூடுதலாக இன்னொரு முதல் சுற்று பிக்கையும் வாங்கிய பாஸ்டன், ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024இல் பாஸ்டன் சாம்பியன் ஆனபோது இருவரும்தான் அணியின் தூண்கள்.

அப்போ எதைப் பார்த்து மதிப்பிடுவது?

எத்தனை பிக் என்பதைவிட, யாருடைய பிக் என்பதுதான் முதல் கேள்வி. மாமரம் பூக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு எடுப்பது மாதிரிதான் இது. வயதான வீரர்களை நம்பியிருக்கும் அணியின், நான்கைந்து வருஷம் தள்ளி வரும் பிக்தான் ருசியானது. இன்று சாம்பியனாக இருக்கும் அணியின் அடுத்த வருஷ பிக், பெரும்பாலும் முதல் சுற்றின் கடைசிப் பகுதியில்தான் வந்து நிற்கும்.

அதனால்தான் கொடுக்கும் அணிகள் 'புரொடெக்‌ஷன்' கேட்கும். உதாரணமாக, 'முதல் பத்துக்குள் வந்தால் எங்களுக்கே' என்ற நிபந்தனை. புரூக்ளின் அதைக்கூட வைக்கவில்லை. அடுத்தடுத்த இரு ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகளை மொத்தமாகக் கொடுக்க முடியாதபடி 'ஸ்டெபியன் விதி' தடுக்கிறது. 2017இல் புரூக்ளின் கொடுத்தது மாற்று உரிமை மட்டும் என்பதால், அந்த விதியும் குறுக்கே வரவில்லை.

தோற்றால் போதுமா?

போதாது. 2019இல் வந்த விதிப்படி, கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் வாய்ப்பு தலா 14%தான். 2025இல் 17 ஆட்டங்கள் மட்டுமே வென்ற யூட்டா 5வது இடத்துக்குத் தள்ளப்பட்டது. 1.8% வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸ் முதல் பிக்கைத் தட்டிச் சென்று, கூப்பர் ஃபிளாகை எடுத்தது. முதலிடமே கிடைத்தாலும் உத்தரவாதம் இல்லை: 2013இன் முதல் பிக் ஆந்தனி பென்னெட் சோபிக்கவே இல்லை, 2014இல் 41வதாக வந்தவர் நிகோலா யோகிச்!

சொந்தத் தோல்வியை மட்டும் நம்பாமல், அடுத்தவர் பிக்குகளையும் சேர்ப்பது இதனால்தான். 2019இல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்கு அனுப்பிய ஓக்லஹோமா சிட்டி, ஐந்து முதல் சுற்று பிக்குகளோடு ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் வாங்கியது. அந்தப் பிக்குகளில் ஒன்றில் வந்தவர் ஜெய்லன் வில்லியம்ஸ். 2025இல் கோப்பை அவர்கள் கையில்.

புரூக்ளினும் பட்டுத் தெரிந்துகொண்டது. ஜேம்ஸ் ஹார்டனுக்காக ஹூஸ்டனிடம் கொடுத்திருந்த தன் 2025, 2026 பிக் உரிமைகளை, மற்ற அணிகளின் பிக்குகளைக் கொடுத்து 2024 ஜூனில் மீட்டது. அதே சமயத்தில் மிகல் பிரிட்ஜஸை நியூயார்க் நிக்ஸுக்கு அனுப்பி ஐந்து முதல் சுற்று பிக்குகள் வாங்கியது. 2025 ட்ராஃப்டில் முதல் சுற்றிலேயே ஐந்து பேரை எடுத்தது. சொந்த பிக் விழுந்தது 8வது இடத்தில்.