நார்வே ஆசிரியர் எதிர்ப்பு (1942)

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் பிடியில் இருந்த நார்வேயில், பள்ளிகளை நாசிக் கொள்கைக்குள் கொண்டுவரும் முயற்சியை ஆசிரியர்கள் ஆயுதமின்றித் தடுத்த நிகழ்வு.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியப் படை நுழைந்தது. செப்டம்பரில் நாசி ஆதரவாளர் விட்குன் குவிஸ்லிங்கின் நாஷனல் சாம்லிங் கட்சி தவிர ஏனைய கட்சிகள் தடைசெய்யப்பட்டன.

1942 பிப்ரவரி 1 அன்று ஆட்சித் தலைவராக அமர்த்தப்பட்ட குவிஸ்லிங், 5ஆம் தேதியே இரு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஆசிரியர் அனைவரும் கட்சி நடத்தும் சங்கத்தில் சேர வேண்டும். 10 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் கட்சியின் இளைஞர் அணியில் பணிபுரிய வேண்டும். மறுப்புக் கடிதத்தின் வாசகம் ஒன்று இரகசியமாகக் கைமாறியது. ஆசிரியர் ஒவ்வொருவரும் அதைத் தம் பெயரிலேயே எழுதி அனுப்பினர். ஒளிந்துகொள்ள இடமில்லாத இந்த முறைதான் இயக்கத்தின் உயிர். நாட்டிலிருந்த ஏறத்தாழ 12,000 ஆசிரியர்களில் 8,000 பேர் முதல் 10,000 பேர் வரை எழுதியதாக நூல்கள் வெவ்வேறாகக் கூறுகின்றன. விறகுத் தட்டுப்பாடு என்று சொல்லி அரசு பள்ளிகளை ஒரு மாதம் மூடியது. வீட்டிலிருந்த பிள்ளைகளின் பெற்றோரும் எழுதத் தொடங்கினர். அக்கடிதங்கள் 2 லட்சம் வரை இருக்கும் என்பர்.

மார்ச் 20 முதல் சுமார் 1,100 ஆசிரியர்கள் கைதாயினர். யோர்ஸ்தாத்மூன் முகாமில் அவர்கள் அரைப்பட்டினியோடு பனியில் தவழவிட்டுத் துன்புறுத்தப்பட்டனர். அங்கும் அவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினர். பாடகர் குழுவும் அமைத்தனர். பணிந்தோர் சிலரே. ஏப்ரலில் சுமார் 500 பேர் நெரிசலான கப்பலில் ஆர்க்டிக் கரையின் கிர்க்கெனெஸுக்கு அனுப்பப்பட்டு, துறைமுகக் கூலிவேலையில் அமர்த்தப்பட்டனர். ஊரில் மறைவாகத் திரட்டிய பணம் அவர்கள் குடும்பங்களைக் காத்தது. சங்கத் திட்டம் கைவிடப்பட, ஆண்டு முடிவதற்குள் அவர்கள் வீடு திரும்பினர்.

சட்டைமடிப்பில் காகிதக் கிளிப்பைச் செருகிக்கொள்வது அக்காலத்தில் ஒற்றுமையின் அடையாளமாக இருந்தது. கிளிப்பைக் கண்டுபிடித்தவர் யோஹான் வாலர் என்னும் நார்வேக்காரர் என்ற நம்பிக்கை பரவலானது; ஆனால் இன்று புழங்கும் வடிவம் அவருடைய காப்புரிமைக்கு முன்பே பிரிட்டனில் இருந்தது.

ஆனால் இந்த எதிர்ப்பு எல்லாருக்கும் அரணாகவில்லை. 1942 நவம்பர் 26 அன்று ‘டோனாவ்’ கப்பலில் 500க்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டனர். அவர்களைப் பிடித்தவர்களில் நார்வேக் காவலர்களும் இருந்தனர்.

1945 அக்டோபரில் குவிஸ்லிங்குக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. யூதர்கள் நாடுகடத்தப்பட்டதில் நார்வேக்காரர்களுக்கு இருந்த பங்குக்காக 2012இல் பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பெர்க் மன்னிப்புக் கோரினார்.