பார்ட் நம்பர்தான் சாவி: எக்செல் ஷீட்டை டேட்டாபேஸில் ஏற்ற இரண்டு வழிகள்

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் அங்கேயே டைம்லர் என்று பெரிய ஆலைகள் உற்பத்தியைத் தொடங்க, அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு தொழிற்கூடங்களும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பெருகின. எந்தப் பாகம், எந்த ஹீட் நம்பர் இரும்பு, எந்த ஷிஃப்ட், எந்த டெஸ்பாட்ச் என்பதெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் எக்செல் ஷீட்டில்தான் இருக்கும். ஒரு லாட்டில் குறை என்று ஆலையிலிருந்து போன் வந்தால் உடனே பதில் சொல்ல வேண்டும். கேள்வி எப்போதும் ஒரு நம்பரில் தொடங்குவதால், நம்பரைக் கொடுத்தால் விவரத்தை எடுத்துத் தரும் கீ-வேல்யூ டேட்டாபேஸ் இதற்கு நன்றாகப் பொருந்தும். புரோகிராம் எழுத ஆள் இல்லாத இடத்திலும் ஷீட்டை அதில் ஏற்ற முடியும்.

முதல் வழி அமேசானின் டைனமோடிபி. ஷீட்டை சிஎஸ்வியாகச் சேமித்து, அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் போட்டு, இறக்குமதிப் பக்கத்தில் பொத்தான்களை அழுத்தினால் போதும். 2022 ஆகஸ்டில் வந்த வசதி இது. இரண்டாவது வழி ரெடிஸ். அதன் ரெடிஸ் இன்சைட் செயலி, கட்டளைகள் வரிவரியாக உள்ள டெக்ஸ்ட் ஃபைலை மொத்தமாக ஏற்றும். அந்த வரிகளை எக்செல் ஃபார்முலாவே செய்து தரும்: செல்களை ஒட்டி ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஹெச்செட் கட்டளை ஆக்கி, கீழே வரை இழுத்துவிடலாம்.

டைனமோடிபி கண்டிப்பானது. இறக்குமதி எப்போதும் புதிய டேபிளில்தான் நடக்கும். இருக்கும் டேபிளில் சேர்க்க விடாது. ஆகவே எது சாவி (கீ) என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். பார்ட் நம்பரை மட்டும் சாவியாக வைத்தால், அந்தப் பாகத்தின் எல்லா பேட்ச்களும் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு ஒன்றுதான் மிஞ்சும். பார்ட் நம்பரோடு பேட்ச் நம்பரையும் இரண்டாம் சாவியாகக் கொடுத்தால் எல்லாம் நிற்கும். சாவியை எண் வகை என்று குறித்தால் 00471 வெறும் 471 ஆகிவிடும். எழுத்து வகை என்றே குறிக்க வேண்டும். பிழையான வரிசைகள் அமேசானின் கிளவுட்வாட்ச் பதிவில் கிடைக்கும்.

ரெடிஸ் இவ்வளவு கேட்பதில்லை, ஆபத்தும் அங்கேதான். மெட்டீரியல் செல்லில் ‘எம்எஸ் ராட்’ என்று இருந்து மேற்கோள்குறி போட மறந்தால், சொல் ஒன்று உபரியாகி அந்த வரி பிழையென்று நின்றுவிடும். ‘எம் எஸ் ராட்’ என்று இடம் விட்டு எழுதியிருந்தால்? மெட்டீரியல் ‘எம்’ என்றும், ‘எஸ்’ என்ற புதிய புலத்தின் மதிப்பு ‘ராட்’ என்றும் ரெடிஸ் எந்த முறையீடும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும். எனக்கு முதல் வரியைவிட இரண்டாவதுதான் பயம் தருகிறது.

இருப்புக் கணக்கில் நிலைமை மாறுகிறது. சிஎஸ்வி வழியாக டைனமோடிபிக்குப் போகும்போது சாவி தவிர மற்ற எல்லாமே எழுத்தாகத்தான் பதியும். 250 என்ற இருப்பில் 10ஐக் கூட்டச் சொன்னால் மறுத்துவிடும். ரெடிஸும் எழுத்தாகத்தான் வைக்கிறது, ஆனால் கூட்டச் சொன்னால் கூட்டித் தருகிறது. நெட் இல்லாத ஷெட்டில் ஒரு லினக்ஸ் கணினியிலேயே ஓடும் என்பதும் அதற்குச் சாதகம். டிஸ்கில் சேமிக்கும் அமைப்பை மட்டும் சரிபார்த்தாக வேண்டும். மெமரியை மட்டும் நம்பினால் கரண்ட் போகும்போது கணக்கும் போய்விடும்.

இரண்டுக்கும் பொதுவான எதிரி எக்செல்லே. பார்ட் நம்பர் 12-05ஐ மே 12 ஆக்கிவிடும். 16 இலக்க லேபிள் நம்பரில் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கும். இதே தேதிக் கோளாறால்தான் 2020இல் மரபணுப் பெயர்க் குழு சில மனித மரபணுக்களின் பெயரையே மாற்றியது. நம்பர்களை அடிக்கும் முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

ஆண்டுக்கணக்காகக் காக்க வேண்டிய பேட்ச் பதிவேட்டுக்கு நான் டைனமோடிபியைத்தான் சொல்வேன். அதன் கண்டிப்பு அங்கே நன்மை. ஸ்டோர்ஸில் நாள்தோறும் மாறும் இருப்புக்கு ரெடிஸ் போதும். எதை எடுத்தாலும், ஏற்றும் முன் பார்ட் நம்பரையும் பேட்ச் நம்பரையும் ஒட்டி ஒரு பத்தி ஆக்கி, இரட்டிப்பானவற்றை எக்செல்லிலேயே நிறமிட்டுப் பார்த்துவிடுங்கள்.