எல்லாரும் முப்பதாம் பக்கத்தைத் திருப்புங்க

"ஒவ்வொரு பிள்ளையும் அதது வேகத்துக்குக் கணக்குப் படிக்க இப்பத்தான் வழி பிறந்திருக்கு" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சாத்தூர் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கைக்கணினி வந்தது நிஜம். பிள்ளை போட்ட விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றிக் கொடுக்கிற மென்பொருள் வந்ததும் நிஜம். ஆனால் யோசனை பழசு. நாற்பது பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்கிற ஏற்பாடுதான் நம் ஊருக்குப் புதுசு.

என் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பிறகு சேவுக்கடையில் கணக்கு எழுதினார். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று என்று எண்சுவடியை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று எதுவும் கிடையாது. ஒருவன் மணலில் ஒன்று எழுதிப் பழகுவான். பக்கத்தில் இருப்பவன் நெல்லிலக்கம் என்ற சுவடியில் இருப்பான். ஒரு சுவடி மனப்பாடம் ஆனால்தான் அடுத்த சுவடி. முன்னே போனவன் சட்டாம்பிள்ளையாகிப் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் தன் முறையை 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'.

திண்ணையைப் பொற்காலம் ஆக்கிவிட வேண்டாம். அடி உண்டு, கோதண்டத்தில் தொங்கவிடும் தண்டனையும் உண்டு. தாழ்த்தப்பட்டவர் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. சென்னை மாகாண கவர்னர் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் பள்ளிக்கணக்கு கேட்டபோது வந்த பதில்களில் பெண்பிள்ளைகள் தேடிப் பார்க்கிற அளவுக்குத்தான் இருந்தார்கள். என் பாட்டி அந்தத் திண்ணையைத் தெருவிலிருந்து பார்த்ததோடு சரி.

1860களில் வெள்ளைக்கார அரசாங்கம் பள்ளிகளுக்குத் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் கொடுக்க ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். தரம் தரமாகப் பிள்ளைகளை நிறுத்திவைப்பார்கள். இத்தனை பேர் இந்தத் தரத்தில் தேறினால் இத்தனை ரூபாய். காசு அப்படி வரும்போது வாத்தியார் என்ன செய்வார்? எல்லாரையும் ஒரே பாடத்தில் கட்டி இழுப்பார். வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு புத்தகம், நாளுக்கு ஒரு பக்கம் என்று பள்ளிக்கூடம் மாறியது அந்த வழியில்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு பள்ளிகள் பெருகின. காமராஜர் 1957இலும் 1962இலும் எங்கள் சாத்தூர்த் தொகுதியில் நின்று ஜெயித்தவர். அவர் முதலமைச்சராக இருந்தபோது நடந்து போகிற தூரத்தில் பள்ளியும், பள்ளியில் சோறும் வந்தன. ஆனால் சின்ன ஊர்ப் பள்ளிகளில் இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதோடு பிள்ளைகளை இழுக்க இன்னொரு இடமும் இருந்தது. நாங்கள் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அது பரவி, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுக்கக் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிள்ளைகளின் விரல்கள் போய்விட்டன. என் வீட்டிலும் அம்மா பெட்டி ஒட்டினாள். பள்ளிவிட்டு வந்து நானும் ஒட்டினேன்.

கணக்கு வாத்தியார்கள் கவனித்திருக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. கூலி குரோஸ் கணக்கில். குரோஸ் என்றால் 144. பத்து வயதுப் பெண்ணிடம் 'அஞ்சு குரோஸ் எத்தனை பெட்டி' என்று கேட்டால் வாய்க்குள் முணுமுணுத்து 720 என்பாள். அஞ்சு நூறு ஐந்நூறு, அஞ்சு நாப்பது இருநூறு, அஞ்சு நாலு இருபது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதலில் தொடங்கிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1996 டிசம்பரில், குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆபீஸிலிருந்து மீண்ட பிள்ளைகள் பல வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். அதே பெண்ணிடம் சிலேட்டைக் கொடுத்து 144ஐ 5ஆல் பெருக்கச் சொன்னால் 52020 என்று எழுதுவாள். ஒன்றாம் இடத்தில் 20, பத்தாம் இடத்தில் 20, நூறாம் இடத்தில் 5. மீதியை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகத் தெரியாது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான்காம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பச் சொன்ன அதிகாரியை எனக்குத் தெரியும். தெரிந்ததும் தெரியாததும் அவளிடம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காய் விற்ற பிள்ளைகளை வைத்து 1985இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வியாபாரத்தில் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே வகைக் கணக்கைத் தாளில் எண்களாகக் கொடுத்தபோது 37தான் சரியாகப் போட்டார்கள். சாத்தூரில் யாரும் அப்படி ஆய்வு செய்யவில்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

பிறகு வந்தது செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய ஏணியும் அட்டையும்தான் அதற்கு மூலம். எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் இதைப் பழகிப் பார்த்தார். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார். 2007-08இல் அது மாநிலம் முழுக்க வந்தது. ஒரே அறையில் ஒன்று முதல் நான்கு வரை எல்லாப் பிள்ளைகளும் தரையில். நாற்காலி போச்சு, டீச்சரும் தரையில். சுவரில் ஏணி, அலமாரியில் அட்டை. பிள்ளை தானே வந்து தான் நிற்கும் படியைப் பார்த்து அட்டையை எடுத்துக்கொள்ளும். டீச்சர் உதவியோடு படிக்கிற குழு, சக பிள்ளை உதவியோடு படிக்கிற குழு, தனியே செய்கிற குழு என்று உட்காரும். மதிப்பீட்டு அட்டையை முடித்தால் அடுத்த மைல்கல். விடுப்பு எடுத்த பிள்ளை திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்தே தொடரும். அறுவடைக் காலத்திலும் இருக்கன்குடித் திருவிழாவிலும் பாதி வகுப்பு காணாமல் போகிற எங்கள் பக்கத்துக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

"பிள்ளைக அட்டைய வச்சு வெளாடிட்டு வருதுக டீச்சர்" என்று பெற்றோர் குறை சொன்னார்கள். ஆனால் முறை சீரழிந்தது அதனால் இல்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஒரு படியின் அட்டை தொலைந்தால் அந்தப் படியில் எல்லாப் பிள்ளையும் நிற்கும். பார்வைக்கு வருகிறவர்கள் பதிவேட்டைத்தான் பார்த்தார்கள். சில பள்ளிகளில் பிள்ளை ஏறாத படியும் ஏட்டில் ஏறியது. 2012இல் முப்பருவ முறை வந்து, பருவத்துக்குள் புத்தகத்தை முடிக்க வேண்டும் என்றானதும், அவரவர் வேகம் என்பது பேருக்கு மட்டும் மிஞ்சியது.

கணினிப் பக்கத்துக் கதையும் ஒரு கணக்கு வகுப்பில்தான் தொடங்குகிறது. அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் 1953இல் தன் மகளின் வகுப்பைப் பார்க்கப் போனார். சில பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா இருக்க, சில பிள்ளைகள் திணறிக்கொண்டிருந்தன. விடை சரியா என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. அடுத்த வருஷமே கற்பிக்கும் எந்திரம் ஒன்றைச் செய்துகாட்டினார். அது கொஞ்சம் மொண்ணையான எந்திரம், சரியா தப்பா என்று மட்டும் சொல்லும். 1978இல் பிரவுனும் பர்டனும் எழுதிய ஆய்வுதான் எனக்கு முக்கியம். 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதுகிற பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிற தப்பான ஒரு விதியை அது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. அந்த விதியைக் கண்டுபிடித்தால்தான் மருந்து உண்டு. எங்கள் 52020ம் அந்த ஜாதிதான்.

இந்தியாவில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள், தப்புக்குப் பின்னால் இருப்பதைத் தேடுகிற இந்த வேலையைத்தான் செய்கிறது. கார்த்திக் முரளிதரனும் மற்றவர்களும் டெல்லியில் அதன் மையங்களில் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம். பத்திரிகைகள் கணினியை மட்டும் பாராட்டின. அந்த மையங்களில் நாளுக்கு 90 நிமிஷம், அதில் பாதிதான் கணினி, மீதிப் பாதி சிறு குழுவாக ஒரு ஆசிரியரிடம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

கொரோனாவில் பள்ளி மூடித் திறந்தபோது பிள்ளைகள் கழித்தலையே மறந்திருந்தன. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. தெருவுக்குத் தெரு பெண்கள் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் நடந்த ஆய்வின்படி, இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது. மீண்டதில் ஏறக்குறைய கால்வாசிக்கு அந்தத் தன்னார்வலர்கள் காரணம். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மதிப்பீடு செயலியில். வேலையில் எனக்குக் கடைசி வருஷம் அது. பிறகு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் கைக்கணினிகள் வந்தன.

ஆசிரியர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். எங்கள் ஒன்றியத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் அதன் தப்பைப் பார்த்து அடுத்த கணக்கை மாற்றித் தருகிற கருவி இன்னும் இல்லை. இருப்பது, யார் அரும்பு, யார் மொட்டு என்று டீச்சருக்குச் சொல்கிற கருவி. அது குறை இல்லை. என் கணிப்பில் இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு அதுவே போதும், ஒரு நிபந்தனையோடு. செயலியில் பதிவது பிள்ளைக்காக இருக்க வேண்டும், மேலே அனுப்புகிற புள்ளிவிவரத்துக்காக இருக்கக் கூடாது. மானியத்துக்காகத் தரம் காட்டிய பள்ளியும், பார்வைக்காகப் படி ஏற்றிய பள்ளியும் எப்படிக் கெட்டன என்று பார்த்துவிட்டோம். செயலிக்கும் அதே கதி வர அதிக நாள் ஆகாது.

அதனால் பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளிக்குப் போனால் "எம் புள்ள எந்த நெலையில இருக்கு டீச்சர்" என்று கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "எந்தக் கணக்குல, எந்த எடத்துல தப்பு விடுது" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த டீச்சருக்குக் கைக்கணினி உதவும். பதில் தெரியாவிட்டால், அடுத்த வாரம் திரும்பப் போய்க் கேளுங்கள்.