பற்றவைத்த ஈயம்

கோல்ஃப் வெட்ஜ் மட்டைகளில் 52, 56, 60 என்று எண் இருக்கும். முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கு என்பதன் கணக்கு அது. வாங்குறவங்க பெரும்பாலும் அதை மட்டும்தான் பார்ப்பாங்க. ஆனா வெட்ஜின் வரலாறு வேற இடத்தைக் காட்டுது.

1930 வாக்கில் மணற்குழியில் விழுந்த பந்தை எடுக்க நிப்ளிக் என்றொரு மட்டை இருந்தது. சாய்வு போதுமான அளவு உண்டு. ஆனால் அடிப்பாகம் மெல்லிசு; மண்வெட்டி மாதிரி மணலுக்குள்ள புதைஞ்சிடும். அமெரிக்க வீரர் ஜீன் சாரசன் அதன் அடியில், பின்பக்கமாக, ஈயத்தைப் பற்றவைத்தார். விமானம் மேலெழும்போது வால் இறங்குவதைப் பார்த்து வந்த யோசனை என்று பின்னாளில் சொன்னார். இப்போது பின்விளிம்பு முதலில் மணலைத் தொட்டது. மட்டை புதையாமல் வழுக்கியது; பந்துக்குப் பின்னால் அடித்தாலும் மணலோடு பந்தும் எழும்பியது. 1932 பிரிட்டிஷ் ஓப்பனை அந்த மட்டையோடு போய் 283 அடிகளில் ஜெயித்தார்.

அந்தப் புடைப்புக்கு இன்று பவுன்ஸ் என்று பெயர். இளகின மணலுக்கு அது அதிகமா வேணும், இறுகின தரைக்குக் குறைவா. அதனால அடுத்த முறை மட்டையைப் புரட்டி அடியையும் பாருங்க. அடிக்கும்போதும் முன்விளிம்பால் தோண்டாதீங்க. அந்தப் புடைப்பு மணலைத் தட்டட்டும்.