பீரங்கியைச் சுற்றி நின்ற பள்ளிப் பிள்ளைகள்

இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு பீரங்கி. இலக்கியக் கூட்டத்தில் பீரங்கிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் ‘வார் தண்டர்’ விளையாடும் ஒரு பையன் இருந்தால், அந்தப் பீரங்கி ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அவன் விளையாட்டில் அறிந்ததற்கும் வரலாற்றில் நடந்ததற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

பீரங்கியின் பெயர் ‘ஃப்ளாக்ஃபியர்லிங் 38’. விமான எதிர்ப்புப் பீரங்கி என்று பொருள்படும் நீண்ட ஜெர்மன் சொல்லின் சுருக்கம் ‘ஃப்ளாக்’. ‘ஃபியர்லிங்’ என்பது ஒரே பிரசவத்தில் பிறந்த நான்கு குழந்தைகளில் ஒன்றைக் குறிக்கும் சொல். 20 மில்லிமீட்டர் குழல்கள் நான்கை ஒரே தாங்கியில் பொருத்தி 1940இல் படைக்குக் கொடுத்தார்கள். சுடுபவரின் காலடியில் இரண்டு மிதிகள் இருந்தன. ஒவ்வொரு மிதியும் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு குழல்களை இயக்கும். நான்கும் சேர்ந்து சுட்டால் நிமிடத்துக்கு 1,800 குண்டுகள் என்பது கணக்கு.

ஆனால் ஒரு மேகசினில் 20 குண்டுகள்தான். இடைவிடாமல் சுட்டால் மூன்று விநாடிக்குள் அது தீர்ந்துவிடும். குழல்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் காலியானதைக் கழற்றி, நிறைந்ததை மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் களத்தில் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 800 குண்டுகளாகக் குறைந்தது. இந்தப் பீரங்கி இயங்கியது கைகளால். குறிபார்க்க, திருப்ப, தூரம் சொல்ல, குண்டு நிரப்ப என்று ஏழெட்டுப் பேர் அதைச் சுற்றி இருந்தார்கள்.

விளையாட்டில் பலருக்கும் பிடித்த வண்டி ‘விர்பெல்விண்ட்’, அதாவது சூறாவளி. போரில் அடிபட்டுப் பழுதுபார்க்க வந்த நான்காம் வகை பான்சர் டாங்கிகளின் கோபுரத்தை அகற்றிவிட்டு, கூரையில்லாத ஒன்பது பக்கக் கோபுரத்துக்குள் இந்தப் பீரங்கியை வைத்தார்கள். படைவீரர்கள் அதை ‘பிஸ்கட் டின்’ என்று அழைத்தார்கள். 1944இல் தொடங்கி ஏறத்தாழ நூறு வண்டிகள்தான் செய்யப்பட்டன. அவற்றைச் செய்த பட்டறை சிலேசியாவின் சாகான் நகரில் இருந்தது. அது இன்று போலந்தில் இருக்கிறது. பிடிபட்ட நேச நாட்டு விமானிகளின் முகாம் ஒன்றும் அதே ஊரில்தான் இருந்தது. 1944 மார்ச்சில் அங்கிருந்து சுரங்கம் தோண்டி 76 பேர் தப்பினார்கள். மீண்டும் பிடிபட்டவர்களில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

விளையாட்டில் விமானங்கள் தாழ்வாக வருகின்றன, நான்கு குழல்களும் அவற்றைக் கிழித்துப் போடுகின்றன. போர்முனையில் தாழப் பறந்து தாக்கிய விமானங்களுக்கு அது உண்மையாகவே பயங்கரமான ஆயுதம்தான். ஜெர்மன் நகரங்களின் மேல் நடந்தது வேறு. இரவில் வந்த கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் பெரும்பாலும் ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் வந்தன. இந்தப் பீரங்கியின் பயனுள்ள வீச்சோ சுமார் 2 கிலோமீட்டர். அந்த உயரத்தை எட்டக்கூடியவை 88 மில்லிமீட்டரும் அதற்கு மேற்பட்டவையும்தான். அவையும் எப்போதும் உதவவில்லை. 1943 ஜூலை 24 நள்ளிரவை ஒட்டி ஹம்பர்க்கின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் அலுமினியத் தாள் துண்டுகளைக் கொட்டின. ரேடார் திரைகள் குழம்பின, பீரங்கிகள் குருட்டாம்போக்கில் சுட்டன. அடுத்த சில நாட்களில் அந்த நகரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். ஹம்பர்க்கில் இருப்பவர்கள் ஃபெல்ட்ஷ்ட்ராசெயில் நிற்கும் பெரிய பங்கரைப் பார்த்திருப்பீர்கள். கட்டாயத் தொழிலாளர்களைக் கொண்டு 1942இல் கட்டிய ஃப்ளாக் கோபுரம் அது. இப்போது அதன் உச்சியில் தோட்டம் இருக்கிறது.

சரி, அந்தப் பீரங்கிகளைச் சுற்றி நின்றவர்கள் யார்?

விர்பெல்விண்டுக்குள் இருந்தவர்கள் பயிற்சி பெற்ற படைவீரர்கள். நகரங்களையும் ஆலைகளையும் காத்த பீரங்கிகளின் கதை அப்படியல்ல. பெரியவர்களைக் கிழக்குப் போர்முனை விழுங்கிக்கொண்டிருந்தது. 1943 ஜனவரி 26 அன்று ஓர் ஆணை வந்தது. ஸ்டாலின்கிராட் முழுமையாக விழ ஒரு வாரம்தான் இருந்தது. பிப்ரவரி 15 முதல் 1926, 1927ஆம் ஆண்டுகளில் பிறந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வகுப்பு வகுப்பாகப் பீரங்கித் தளங்களுக்கு அழைத்துப் போனார்கள். பிறகு 1928இல் பிறந்தவர்களும் போனார்கள். மொத்தம் ஏறத்தாழ 2 லட்சம் பிள்ளைகள். ‘விமானப்படை உதவியாளர்’ என்பது அவர்களின் அதிகாரப்பூர்வப் பெயர். இளம்பெண்களும், சோவியத் போர்க்கைதிகளும்கூட அந்தத் தளங்களில் வேலை செய்தார்கள்.

வாரத்துக்கு 18 மணி நேரப் பாடம் நடக்க வேண்டும் என்பது விதி. ஆசிரியர் தளத்துக்கே வந்து சொல்லிக்கொடுப்பார். இரவெல்லாம் பீரங்கியோடு நின்ற பையன் காலையில் லத்தீன் இலக்கணம் கேட்டான். சட்டப்படி அவன் இன்னும் மாணவன். சட்டையில் ஹிட்லர் இளைஞர் அணியின் கைப்பட்டை இருக்க வேண்டும். விடுப்பில் ஊருக்குப் போகும்போது பலர் அதைக் கழற்றி மறைத்துக்கொண்டார்கள். காரணம் பெரும்பாலும் அரசியல் அல்ல. தங்களை முழு வீரர்களாக மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசை. எனக்கு இந்தச் செய்திதான் மனத்தை அதிகம் தொடுகிறது. கட்டாயப்படுத்தப்பட்டவன்தான், ஆனால் அவனுக்குள் பெருமையும் இருந்தது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து மேற்கு ஜெர்மனியை நடத்தினார்கள். 18 ஆண்டுகள் வெளியுறவு அமைச்சராக இருந்த கென்ஷர் அவர்களில் ஒருவர். சமூகவியலாளர் நிக்லாஸ் லுமான் போனபோது அவருக்கு 15 வயது. பின்னாளில் போப் ஆன யோசேஃப் ராட்சிங்கர் மியூனிக் அருகே அந்தப் பணியில் இருந்தார். ‘ஃப்ளாக் உதவியாளர் தலைமுறை’ என்றே ஜெர்மானியர்கள் அவர்களைக் குறிப்பிடுகிறார்கள்.

இலக்கியக் கூட்டம் என்பதால் குந்தர் கிராஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1927இல் டான்சிக்கில் பிறந்தவர் அவர், அங்கேதான் பீரங்கித் தளத்திலும் நின்றார். 1961இல் வந்த ‘பூனையும் எலியும்’ குறுநாவலில், போர்ப் பதக்கத்துக்கு ஏங்கும் பள்ளிப் பையன்களை எழுதினார். வீரச்செயலைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும் முன்னாள் மாணவர்கள் அதில் பள்ளிக்கு வருவார்கள். போரை விளையாட்டாகக் கேட்டுப் பழகிய காதுகள் என்ன ஆகும் என்பதே அந்தக் கதை. அதை எழுதியவரே, 17 வயதில் தான் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்ததை 2006இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். 60 ஆண்டுகளுக்கு மேலான மௌனம். அந்த மௌனத்துக்காக அவரைக் கடுமையாகத் திட்டினார்கள். அது நியாயம்தான். ஆனாலும் அந்தத் தலைமுறைக்கு அந்த வயதைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதற்கும் அதுவே சான்று.

விளையாட்டைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குழலின் விட்டத்தையும் இரும்புத் தகட்டின் தடிமனையும் அதை உருவாக்கியவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். வண்டிக்குள் ஆட்களையும் காட்டுகிறார்கள். குண்டு பட்டால் அந்த உருவத்தின் நிறம் மாறும், அடுத்த ஆட்டத்தில் மறுபடி எழுந்து உட்காரும். அவர்களுக்கு வயது கிடையாது.

நம்மில் பலர் குண்டுவீச்சு விமானத்தின் ஒலியைப் பங்கருக்குள் குந்தியிருந்து கேட்டவர்கள். பள்ளிச் சீருடையைக் கழற்றிப் போர்ச் சீருடை போட்ட பிள்ளைகள் நம் போரிலும் இருந்தார்கள். சிலர் விரும்பிப் போனார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நாமும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம், அல்லது வீரம் என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம். ஜெர்மனியில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைக்கு ஃபியர்லிங்கின் சுடுவேகம் மனப்பாடம். அவனுடைய மாமனோ சித்தியோ எந்த வயதில் எங்கே நின்றார்கள் என்பது பல வீடுகளில் அவனுக்குத் தெரியாது. அவன் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். நாம் சொல்லவில்லை என்பது பெரிய காரணம்.

அடுத்த முறை அவன் அந்தப் பீரங்கியைக் காட்டினால், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். குண்டு நிரப்பியவனுக்கு அன்று என்ன வயது இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக அவனுடைய வயதேதான். அங்கிருந்து நம் வீட்டுக் கதைக்கு வருவது அவ்வளவு தூரமில்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.