தீக்குச்சிக்கு முன்னே வந்த வாய்க்கால்



புகைமூட்டம் ஏன் வருகிறது என்று நான்காம் ஆண்டு மாணவர்களைக் கேட்டால், "திறந்தவெளியில் எரிப்பதால்" என்று வகுப்பே ஒரே குரலில் விடை தரும். அதற்குப் புள்ளியும் கிடைத்துவிடும். ஆயினும் அது பாதி விடைதான் என்பது என் எண்ணம். போர்னியோவின் தயாக் மக்கள் பல தலைமுறைகளாகக் காட்டை வெட்டி, கொளுத்தி, மலைநெல் விதைத்து வாழ்ந்தவர்கள். நெருப்பு அன்றும் இருந்தது. மாறியது நிலம்.

முதல் பெரும் எச்சரிக்கை 1982-83இல் வந்தது. எல் நினோ கொண்டுவந்த கடும் வறட்சியில் கிழக்குக் கலிமந்தானில் 30 இலட்சம் ஹெக்டருக்கு மேல் தீக்கிரையானது. கன்னிக்காடுகளைவிட, மரம் வெட்டப்பட்டு, கழிவுக் கிளைகள் காய்ந்து கிடந்த காடுகளே மிகக் கொடுமையாக எரிந்தன. அவ்வெச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

1995இல் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை பிறப்பித்தார். மத்தியக் கலிமந்தானின் சதுப்புக்காட்டில் 10 இலட்சம் ஹெக்டரை நெல்வயலாக்க வேண்டும்! 1996இல் வேலை தொடங்கிற்று. 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் குடியேற்றப்பட்டன. நெல் விளையவில்லை. சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. வாய்க்கால்கள் மட்டும் நீரை வடித்துக்கொண்டே இருந்தன.

அந்த மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலாயில் 'காம்புட்' எனப்படும் அது, உண்மையில் மண்ணே அன்று. விழுந்த மரமும் இலையும் வேரும் நீரில் ஊறி, முழுதும் மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த குவியல். சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் ஆழம். நீரில் ஊறியிருக்கும்வரை தீ அதனை எளிதில் அண்டாது. நீரை வடித்துவிட்டாலோ அது விறகு! மேலே அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். நன்கு உலர்ந்துவிட்டால் ஊற்றும் நீரையும் எளிதில் உறிஞ்சாது. விமானத்திலிருந்து நீர் தெளிப்பது படத்திற்கு அழகு. நிலத்தடித் தீயை அணைப்பது பெரும்பாலும் தொடர் மழைதான்.

1997இல் மீண்டும் எல் நினோ. வாய்க்கால் வெட்டிய நிலம் பற்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டியது. 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்பதை நாம் அறிவோம். இந்தோனேசியாவில் அவ்வாண்டு எரிந்த காம்புட் நிலமும் அதன்மேல் நின்ற காடும் வெளியேற்றிய கரி, உலகம் முழுவதும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஓராண்டில் வெளியிட்டதில் 13 முதல் 40 விழுக்காடு என அறிவியலார் 2002இல் கணக்கிட்டனர்.

அதன் பின் ஒப்பந்தங்கள் வந்தன. ஆசியான் நாடுகள் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்திட்ட உடன்படிக்கையை இந்தோனேசியா ஏற்று உறுதிசெய்தது 2014இல்தான். இடையே 2013இல் மூவாரிலும் லேடாங்கிலும் அவசரகாலம். 2015இல் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 இலட்சம் ஹெக்டர் எரிந்தது. நம் பள்ளிகளும் மூடப்பட்டன. கொளுத்துபவரைப் பிடித்துத் தண்டிப்பதில் பிழையில்லை. ஆனால் உலர்ந்த நிலம் அடுத்த தீக்குச்சிக்குக் காத்திருக்கிறதே!

2015க்குப் பிறகே இந்தோனேசிய அரசு தீயின் வேரைத் தொட்டது. 2016இல் காம்புட் நிலத்தைச் சீரமைக்கத் தனி அமைப்பை நிறுவியது; நீர்மட்டம் தரைக்குக் கீழ் 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கலாகாது என்ற விதியை வலியுறுத்தியது. வாய்க்கால்களுக்குக் குறுக்கே தடுப்புகள் எழுந்தன. செம்பனைத் தோட்டக்காரர்களுக்கு இது கசப்பான மருந்து. வேர் நீரில் நின்றால் விளைச்சல் குறையும். நம் வீட்டுச் சமையல் எண்ணெயும் இக்கணக்கில் உண்டு என்பதை மறைப்பானேன்?

இதைப் பார்க்கக் கலிமந்தானுக்குப் போக வேண்டியதில்லை. சிலாங்கூரின் ராஜா மூசா காட்டில் 2008 முதல் வனத்துறையும் தன்னார்வலர்களும் பழைய வாய்க்கால்களை அடைத்து, நீரைத் தேக்கி, 'மஹாங்' மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். கன்று நடச் சென்றவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு. மரம் சில ஆண்டுகளில் வளர்ந்துவிடும். எரிந்துபோன காம்புட், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில்தான் மீண்டும் சேரும்.