ஏடு என்னும் சொல்

காய்ச்சிய பால் ஆறியதும் மேலே மெல்லியதாய்ப் படியும் படலத்தை நம் பாட்டிமார் ஏடு என்றனர். தில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் பிள்ளைகள் அதனை மலாய் என்கின்றனர். தமிழ் வகுப்பொன்றில், ஏடு என்றால் யாது என யான் வினவியபோது, "பழைய ஓலைப் புத்தகம்" என விடை வந்தது. விடை தவறன்று, ஆயின் பாதியே சரி.

பூவின் இதழும் ஏடு. பாலின் ஆடையும் ஏடு. எழுதுதற்குரிய பனையோலையும் ஏடு. இவை யாவற்றுக்கும் பொதுவாய் நிற்பது மெல்லிய தகட்டு வடிவமேயாம். (இதழ் என்னும் சொல்லும் பூவிலிருந்து பத்திரிகைக்கு வந்ததன்றோ!)

பனையோலையை நரம்பு நீக்கி நறுக்கி, வெந்நீரில் அவித்து, உலர்த்தி, மெருகிட்டபின் எழுத்தாணி கொண்டு கீறுவர். கீறிய எழுத்து எளிதிற் புலப்படாது. விளக்குக் கரி தடவிய பின்னரே கருமையாய்த் தோன்றும். துளையிட்டுக் கயிற்றிற் கோத்த ஏடுகளின் தொகுதியே சுவடி. இந்நாளில் ஏட்டையும் சுவடியையும் ஒன்றாகவே வழங்குகிறோம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்றோர்க்கு இவ்வேறுபாடு உயிர்நிலையாய் இருந்தது. சுவடி கிடைத்தும் அதன் நடுவே சில ஏடுகள் இராமற் போகும். முனை முரிந்த ஏட்டிலே அடிகள் குறைந்து நிற்கும். அவர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. இன்றளவும் அவை நமக்குக் கிட்டவில்லை. விரல் நகத்தின் கனமும் இல்லாத ஓலைகள் அழிந்தமையால், பாடிய புலவர் யார், பாடப்பெற்ற தலைவன் யார் என்பதும் அறியாதவரானோம்.

ஓலை அழியுமென்று அஞ்சிய வேந்தர் செம்பை நாடினர். அதுவும் தகடாதலின் செப்பேடு எனப்பட்டது. 1905இல் வெளிப்பட்ட முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 இதழ்களை உடையது. பின்னர்க் காகிதம் வந்தது. ஓலை மறைந்ததே தவிரச் சொல் மறையவில்லை: வணிகர்க்குப் பேரேடு, அலுவலகத்தில் பதிவேடு, மாணவர்க்குக் குறிப்பேடு, காலையில் நாளேடு.

நம் அண்டை வீட்டு மலையாளியரும் ஏடு என்றே சொல்வர். ஏட்டிலுள்ள பசு புல் தின்னாது என்பது அவர்தம் பழமொழி. நாமோ, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்கிறோம். இரு மொழியாரும் ஏட்டை ஒருங்கே பழித்திருப்பது வியப்பே!

நாளேடும் பதிவேடும் அச்சிலே வாழ்வன. அவற்றுக்கு நம் துணை வேண்டா. அடுக்களையில் வழங்கும் ஏட்டுக்கோ நம் வாயன்றி வேறு புகலிடமில்லை. அது வழக்கொழிந்தால், ஓலைக்கு அப்பெயர் பொருந்துவது எவ்வாறென்பதும் பிள்ளைகட்கு விளங்காது.

அடுத்த வகுப்பிற்குக் கிண்ணம் நிறைய ஆறிய பாலை எடுத்துச் செல்ல எண்ணியுள்ளேன்.